வளையத்துக்குள் ஒரு நைட்ரஜன்

ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாள் வருகிறது. பிள்ளைகள் வரிசையாக வந்து, நம் கண்முன்னே ஒரு மாத்திரையைக் கடித்து மென்று விழுங்குகிறார்கள். அட்டையில் ‘அல்பெண்டசோல் 400 மி.கி.’ என்று அச்சிட்டிருக்கும். “இது வயித்துக்குள்ள போய் என்ன பண்ணும் டீச்சர்?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். “புழுவைக் கொல்லும்” என்று சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறோம். பதில் சரிதான். ஆனால் அதே பிள்ளை, “அப்போ புழுவைக் கொல்றது என்னை ஏன் ஒண்ணும் பண்ணல?” என்று கேட்டுவிட்டால்?

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மருந்து தேடும் வேதியியலாளர்கள் ஆயுள் முழுக்கக் கேட்பதும் அதையே. ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றொன்றை விட்டுவிட வேண்டும். அல்பெண்டசோல் இதை எப்படிச் செய்கிறது? புழுவின் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதம் உண்டு. செல்லுக்குள் நுண்குழாய்கள் கட்டப்படுவது இந்தப் புரதத்தால்தான். மாத்திரையின் மூலக்கூறு அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. குழாய்கள் கட்டப்படாமல் நின்றுபோக, புழுவால் குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் போகிறது. நம் உடலிலும் டியூபுலின் இருக்கிறது. ஆனால் அதன் அமைப்பு சற்று மாறியிருப்பதால் மருந்து அதில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. போதாததற்கு, மருந்தின் பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடுகிறது. இரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான்.

ஒட்டிக்கொள்ளும் அந்த மூலக்கூறின் நடுவில் இரண்டு வளையங்கள் பக்கம் பக்கமாக இணைந்திருக்கின்றன. ஒன்று முழுக்கக் கார்பன் அணுக்களால் ஆன அறுகோணம். மற்றொன்று ஐங்கோணம், அதன் ஐந்து மூலைகளில் இரண்டில் கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. வளையத்துக்குள் கார்பனோடு வேறு தனிமமும் கலந்திருந்தால் அதைப் பல்லின வளையச் சேர்மம் என்று மேல்நிலை வகுப்புப் பாடநூல் சொல்கிறது. அந்த வேறு தனிமம் ஆக்சிஜனாகவோ கந்தகமாகவோ இருக்கலாம். மருந்துலகில் அதிகம் காணப்படுவது நைட்ரஜன்தான். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நியார்டர்சன் குழுவினர் 2014இல் ஒரு கணக்கெடுத்தார்கள். அந்நாட்டில் அனுமதி பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகளில் 59 விழுக்காட்டில் குறைந்தது ஒரு நைட்ரஜன் வளையமாவது இருந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். வீட்டில் காலியான மாத்திரை அட்டைகளே போதும். (காலி அட்டை மட்டும். மாத்திரை உள்ள அட்டையைப் பிள்ளைகள் பைக்குள் வைத்து எடுத்துவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.) பெயர் எப்படி முடிகிறது என்று பார்க்கச் சொல்லலாம். அல்பெண்டசோல், மெட்ரோநிடசோல், புளூகோனசோல், ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல். குடற்புழு, வயிற்றுப்போக்கு, படர்தாமரை, நெஞ்செரிச்சல் என்று நோய்கள் வேறு வேறு. பெயரின் வால் மட்டும் ஒன்று. ‘அசோல்’ என்ற இந்த வால் ‘அசோட்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நைட்ரஜனுக்கு லவாய்சியே காலத்தில் வைத்த பெயர் அது. ‘உயிரற்றது’ என்று பொருள். நைட்ரஜன் வாயு நிறைந்த குடுவைக்குள் எலி செத்துப்போனதைப் பார்த்து வைத்த பெயர், இன்று உயிர்காக்கும் மாத்திரைகளின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு மூலையை மாற்றினால்

கரும்பலகையில் பென்சீனின் அறுகோணத்தை வரையுங்கள். ஆறு மூலையிலும் கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன். இப்போது ஒரு மூலையை அழித்து அங்கே நைட்ரஜனை எழுதுங்கள். அந்த மூலையில் இருந்த ஹைட்ரஜன் என்னவாயிற்று என்று கேளுங்கள். இணைதிறன் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவரே பதில் சொல்லிவிடுவார். கார்பனுக்கு நான்கு கைகள். மூன்று வளையத்தில், ஒன்று ஹைட்ரஜனோடு. நைட்ரஜனுக்கு மூன்றே கைகள். மூன்றும் வளையத்திலேயே செலவாகிவிட்டன. ஹைட்ரஜனுக்கு இடமில்லை. கிடைத்திருப்பது பிரிடின்.

மாறியது ஓரணு. ஆனால் குணம் தலைகீழாக மாறிவிடுகிறது. பென்சீன் தண்ணீரோடு சேராது, எண்ணெய்போல் மேலே மிதக்கும். பிரிடின் தண்ணீரோடு எந்த அளவில் ஊற்றினாலும் கலந்துவிடும். பென்சீனின் கொதிநிலை 80 பாகை செல்சியஸ், பிரிடினுக்கு 115. (இரண்டையும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பிரிடினும் நச்சுத்தன்மை உடையது. அதன் நாற்றமும் எளிதில் போகாது.)

காரணம், நைட்ரஜனிடம் மிச்சமிருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள். அதன் வெளிக்கூட்டில் உள்ள ஐந்தில் மூன்று, பிணைப்புகளுக்குப் போய்விட்டன. எஞ்சிய தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் வளையத்துக்கு வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் வரும் தண்ணீரின் ஹைட்ரஜனை அவை ஈர்க்கின்றன. அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நம் உடலின் புரதங்களிலும் இப்படிப்பட்ட ஹைட்ரஜன்கள் நிறைய உண்டு. வளையத்தின் வடிவம் புரதத்தின் பள்ளத்தில் பொருந்தி, நைட்ரஜனின் எலக்ட்ரான்கள் சரியான இடத்தில் ஒரு ஹைட்ரஜனைச் சந்தித்தால் மருந்து அங்கே நின்றுவிடும். வளையம் என்பதால் அது நினைத்தபடி வளைந்து நெளியாது. வளைந்துகொடுக்கும் சாவி பூட்டைத் திறக்காது அல்லவா?

இன்னொரு வசதியும் உண்டு. மருந்து இரத்தத்தில் கரைய வேண்டும். கொழுப்பாலான செல் சவ்வையும் கடக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மூலக்கூறு எப்படிச் செய்யும்? நைட்ரஜன், ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொண்டால் மூலக்கூறு மின்சுமை பெற்றுத் தண்ணீரில் கரையும். விட்டுவிட்டால் சுமையின்றிச் சவ்வைக் கடக்கும். சளித் தும்மலுக்கு வாங்கும் செட்ரிசின் அட்டையில் ‘டைஹைட்ரோகுளோரைடு’ என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு நைட்ரஜன் சேர்ந்து உருவான உப்பு அது. அமில–கார வினையைச் சமையல் சோடா, எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அட்டையும் அதற்கு எடுத்துக்காட்டுதான்.

எல்லா வளையத்திலும் நைட்ரஜன் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பிரிடினின் இரட்டைப் பிணைப்புகளை எல்லாம் ஹைட்ரஜனால் நிரப்பிவிட்டால் பைப்பெரிடின் கிடைக்கும். அதே ஐந்து கார்பன், அதே ஒரு நைட்ரஜன். ஆனால் அதன் காரத்தன்மை பிரிடினைப்போல் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. எந்த வளையத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மருந்து வேதியியலாளர் இவ்வளவு தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மருந்தில் நைட்ரஜன் இருந்தாலே அது இந்த வகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாராசிட்டமாலில் நைட்ரஜன் உண்டு. ஆனால் வளையத்துக்கு வெளியே. ஆஸ்பிரினில் நைட்ரஜனே கிடையாது.

மிளகும் எலும்பும்

பைப்பெரிடின் என்ற பெயரில் நம் அஞ்சறைப்பெட்டி வாசனை அடிக்கிறது. திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’ என்ற வடமொழிச் சொல் கிரேக்கம் வழியாக இலத்தீனுக்குப் போய் ‘பைப்பர்’ ஆயிற்று. மிளகு, திப்பிலி இரண்டின் காரத்துக்கும் காரணமான பைப்பரின் என்ற பொருளை 1819இல் பிரித்தெடுத்தவர் ஓர்ஸ்டெட். ஆம், மறு ஆண்டே மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்து, நம் இயற்பியல் பாடநூலில் இடம்பிடித்த அதே ஓர்ஸ்டெட். பிறகு பைப்பரினை உடைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த வளையமே பைப்பெரிடின். மேலே சொன்ன 2014ஆம் ஆண்டுக் கணக்கில் முதலிடம் பிடித்த நைட்ரஜன் வளையம் அதுதான். பிரிடினின் பிறப்பு இவ்வளவு மணமானதல்ல. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் ஆண்டர்சன், விலங்கு எலும்புகளைக் காற்றில்லாமல் சூடாக்கிக் கிடைத்த எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தார்.

இன்று இவை எல்லாம் செங்கல் மாதிரி. கட்டடம் கட்டுபவர் மண் பிசைந்து செங்கல் அறுப்பதில்லை, சூளையில் வாங்கிக்கொள்கிறார். மருந்து ஆய்வகமும் அப்படித்தான். ஒரு மூலையில் அமினோ தொகுதியோ புரோமினோ ஒட்டிய பிரிடின், பைப்பரசின் போன்ற சிறு துண்டுகள் விலைக்குக் கிடைக்கும். அந்த ஒட்டுதான் அடுத்த துண்டை இணைக்கும் கொக்கி. பைப்பரசினைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் இரண்டு நைட்ரஜன் உள்ள அறுகோணம். ஒரு காலத்தில் அதுவே தனியாகப் பூச்சிமருந்தாகப் பிள்ளைகளுக்குத் தரப்பட்டது; மூத்த ஆசிரியர்கள் அந்த இனிப்பு மருந்தைக் குடித்தே வளர்ந்திருப்பார்கள். இன்று ஒவ்வாமைக்கான செட்ரிசின், பாக்டீரியாவுக்கு எதிரான சிப்ரோஃபிளாக்சசின், இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மூன்றிலும் அதே துண்டு இருக்கிறது. இரு பக்கமும் நைட்ரஜன் இருப்பதால் இரு பக்கமும் எதையாவது இணைக்கலாம். அதுதான் அதன் செல்வாக்கு.

உடல் முன்பே அறிந்த வளையங்கள்

இவ்வளவு வளையங்கள் இருக்க, உடல் ஏன் நைட்ரஜன் வளையங்களை இப்படி வரவேற்கிறது? அவை உடலின் சொந்த உறுப்பினர்கள் என்பதே பதில். டி.என்.ஏ.யின் நான்கு காரங்களும் நைட்ரஜன் வளையங்கள். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமில் நான்கு நைட்ரஜன் ஐங்கோணங்கள் நடுவே இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பி வைட்டமின்களில் பலவும் அப்படியே. நாம் வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலத்தின் தலைப்பகுதி, நான்கு நைட்ரஜன் கொண்ட இரட்டை வளையம்.

அந்த ஃபோலிக் அமிலத்தின் வரலாற்றில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதே மூலக்கூறின் வளையத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தது. ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதி, பெயர் அமினோப்டெரின். செல்லின் நொதி இதை ஃபோலிக் அமிலம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வேலை ஓடாது. வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்களுக்கு அது பேரிடி. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்குவதை 1948இல் அறிவித்தார். அதற்கு முன் அந்த நோய்க்கு மருந்தே இல்லை. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

நாற்பது ஆண்டுகள் காத்திருந்த மூலக்கூறு

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை ஐசோனியசிட். காசநோய் மாத்திரை. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டில், அப்பாவோ பாட்டியோ இந்த மாத்திரையை இப்போதும் விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

1912இல் பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர் என்ற பேராசிரியரும் யோசஃப் மாலி என்ற ஆய்வு மாணவரும் இதை முதன்முதலில் தயாரித்தார்கள். ஒரு பிரிடின் வளையம், அதன் நைட்ரஜனுக்கு நேரெதிர் மூலையில் ஒரு சிறு ஹைட்ரசைடு தொகுதி. அவ்வளவுதான். அவர்களுக்கு இது ஆய்வேட்டுக்காகச் செய்த புதுச்சேர்மம்; உருகுநிலையைக் குறித்து அச்சிட்டார்கள். அப்போது ஐரோப்பாவில் காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும்தான் மருத்துவம். நோயைக் கொல்லும் பொருள் ஆய்விதழ் ஒன்றில் அச்சாகி, அலமாரியில் கிடந்தது. மேயர் யூத வம்சத்தவர். 1942இல் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் இறந்தார். தான் தயாரித்தது என்னவென்று அவர் அறியவே இல்லை.

1940களில் வேறொரு தடயம் கிடைத்தது. நிக்கோட்டினமைடு என்ற பி3 வைட்டமின் காசநோய்க் கிருமியைச் சற்று மட்டுப்படுத்துவதாகத் தெரிந்தது. அதுவும் பிரிடின் வளையம்தான். அந்த வளையத்தை வேறு தொகுதிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று பல ஆய்வகங்கள் இறங்கின. வழியில் ஓர் இடைப்பொருளாகத் தயாரான ஐசோனியசிட், போய்ச்சேர நினைத்த இலக்கைவிட வலிமையாக இருந்தது. ரோச், ஸ்குவிப், பேயர் ஆகிய மூன்று நிறுவனங்கள் தனித்தனியாக ஒரே சமயத்தில் இதைக் கண்டுகொண்டு 1952இல் அறிவித்தன. பழைய பிராக் கட்டுரை இருந்ததால் அந்தச் சேர்மத்துக்கு யாராலும் காப்புரிமை கோர முடியவில்லை. மருந்து மலிவாகக் கிடைத்ததற்கு அந்த ஆய்வு மாணவரின் உழைப்பும் ஒரு காரணம்.

அது வேலை செய்யும் விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. விழுங்கும்போது ஐசோனியசிட் தனியாக எதையும் கொல்லாது. கிருமிக்குள் நுழைந்த பிறகு கேட்ஜி என்ற கிருமியின் சொந்த நொதிதான் அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட பிரிடின் துண்டு, கிருமிக்குள் உள்ள என்.ஏ.டி. என்ற துணைநொதியில் போய் ஒட்டுகிறது. ஒட்டும் இடமும் ஒரு பிரிடின் வளையமே, பி3 வைட்டமினிலிருந்து வந்தது. ஒட்டிப்போன இந்த இரட்டைக் கட்டு, மைகோலிக் அமிலம் தயாரிக்கும் நொதியை அடைத்துவிடுகிறது. மைகோலிக் அமிலம் காசநோய்க் கிருமியின் செல் சுவருக்கு மெழுகுப் பூச்சு. நம் செல்களுக்குச் செல் சுவரே இல்லை. ‘என்னை ஏன் ஒண்ணும் பண்ணல’ என்ற கேள்விக்கு இங்கே பதில் தெளிவாகவே இருக்கிறது.

முழுக்க ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது. பிரிடின் வளையம் கொண்ட இன்னொரு வைட்டமினான பி6இன் செயல்வடிவத்தோடு ஐசோனியசிட்டின் ஹைட்ரசைடு முனை வினைபுரிந்து, அதை உடலிலிருந்து வெளியேற்றிவிடும். கைகால் மதமதப்பு, எரிச்சல் வரும். காசநோயாளிகளுக்குக் கூடவே பி6 மாத்திரையும் தருவது அதனால்தான். ‘சத்து மாத்திரைதானே’ என்று அதைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. அறிவியல் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் விளக்கிவிடலாம்.

மருந்து வந்தும், அதை எங்கே வைத்துத் தருவது என்ற கேள்வி இருந்தது. நோயாளிகள் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. இந்தியாவில் அத்தனை படுக்கைகள் ஏது? 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வுமாக. மறு பாதி நெரிசலான சொந்த வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியசிட்டும் துணைக்கு இன்னொரு மருந்துமாக ஓராண்டு. 1959இல் முடிவு வெளியானது. இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தன. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதில் சென்னையின் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு.

துணைக்கு இன்னொரு மருந்து ஏன்? கணித ஆசிரியர்கள் நிகழ்தகவுப் பாடத்தில் இதை எடுத்துக்கொள்ளலாம். காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று இயல்பாகவே ஐசோனியசிட்டுக்கு மசியாது. பெரும்பாலும் அதன் கேட்ஜி நொதி பழுதாகியிருக்கும். மருந்தைத் தூண்டிவிட ஆளில்லை. ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடியில் ஒன்று. நோயாளியின் நுரையீரல் குழி ஒன்றில் 10 கோடிக் கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் எத்தனை பிழைக்கும்? நூறு. அந்த நூறும் பெருகினால் மருந்துக்கு அடங்காத நோய். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்பும் வாய்ப்பு, இரு நிகழ்தகவுகளின் பெருக்கல். ஒன்றுக்குப் பின் 14 பூச்சியம் போட்ட எண்ணில் ஒன்று. இரண்டு மாதங்களில் இருமல் நின்றுவிட்டதென்று மாத்திரையை விட்டுவிட்டு, பிறகு நினைத்தபோது ஏதோ ஒன்றை மட்டும் விழுங்குபவர் இந்தப் பெருக்கலைக் கலைத்துவிடுகிறார்.

இன்று முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில் வருகின்றன. ஐசோனியசிட்டில் பிரிடின் வளையம். பைரசினமைடில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நைட்ரஜன் கொண்ட வளையம். ரிஃபாம்பிசினின் வாலில் நாம் முன்பே சந்தித்த பைப்பரசின். எத்தாம்புட்டாலில் மட்டும் வளையமே கிடையாது. விதிவிலக்கு எப்போதும் ஒன்றிருக்கும்.

இவற்றுக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. பல மாதங்கள் தினமும் ஊசியும் உண்டு. அதனால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. 2012இல் பெடாகுயிலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் நடுவில் இருப்பது குயினோலின்: ஒரு பென்சீன் வளையமும் ஒரு பிரிடின் வளையமும் பக்கவாட்டில் ஒட்டியது. மலேரியாவுக்கான குயினைனில் இருக்கும் அதே வளையம், இங்கே காசநோய்க் கிருமி ஆற்றல் தயாரிக்கும் நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. பெடாகுயிலினோடு பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் ஆறு மாத மருத்துவத்தை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024இல் ஏற்றுக்கொண்டது. ஊசி இல்லை, நான்கும் மாத்திரைகள். நான்கிலும் நைட்ரஜன் வளையம் இருக்கிறது.